கொம்பைத் திருப்ப ஒரு கை

மகள், உனக்கு ஸலாம். ஒரே வளவுக்குள் இருந்துகொண்டு வாப்பா கடிதம் எழுதுகிறார் என்று நீ சிரிப்பாய். சிரி. முன்வீட்டுக்கும் பின்வீட்டுக்கும் இடையில் உள்ள தூரத்தை உன் உம்மா தேநீர்க் கோப்பையோடு, அது ஆறும் முன்பே கடந்து வந்துவிடுகிறாள். ஆனாலும் சில விடயங்களை நேரில் சொல்லப் போனால் எனக்குக் குரல் உயர்ந்துவிடும், அதைக் கேட்பவர்கள் கோபம் என்று எடுத்துக்கொள்வார்கள். வாழ்நாள் முழுவதும் பஸ் என்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை இது. அன்பாகக் கதைப்பதற்கு அதை இனிப் பழக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். நம் பக்கத்தில் பெண் பிள்ளைக்குக் கடிதம் எழுதும் வாப்பாமார் குறைவு. எழுதுவதுதான் எழுதுகிறேன், ஊரும் படிக்கட்டும் என்று இதில் ஒரு பிரதியைப் பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன். நீ அறிந்த கதையையே உனக்குத் திருப்பிச் சொல்வதற்கு அந்த வாசகர்கள்தான் காரணம், பொறுத்துக்கொள்.

படிப்பவர்களில் வெளியூர்க்காரர்கள் இருந்தால் ஒன்றை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். மற்ற இடங்களில் கலியாணம் முடிந்தால் பெண் அழுதுகொண்டே வாசலைத் தாண்டுவாள், பெற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நம் கிழக்கிலங்கைக் கரையோர ஊர்களில் வீடு மகளுக்குத்தான். மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். பெட்டி கட்டிக்கொண்டு வெளியேறுவது பெற்றவர்கள். நானும் ஒருகாலத்தில் மருதமுனையிலிருந்து ஒரு பெட்டியோடு கல்முனைக்கு, உன் உம்மாவின் வீட்டுக்கு வந்தவன்தான். அன்றைக்கு அவளைப் பெற்றவர்கள் எந்த மூலையில் போய்ப் பாய் விரித்தார்கள் என்று நான் கேட்கவேயில்லை. புது மாப்பிள்ளை, புதுச் சாரன், அந்த நினைப்பே போதுமாக இருந்தது. இப்போது என் முறை வந்திருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை உன் நிக்காஹ். நானும் உன் உம்மாவும் என் சாய்மனைக் கதிரையும் வானொலியும் பின்வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். குசினிப் பக்கமாகத் தகரக் கூரை போட்ட நடை ஒன்று இரண்டு வீட்டையும் சேர்க்கிறது. அறை சின்னது, காற்று நல்லது. குறையொன்றும் இல்லை.

வீட்டை விட்டு வந்ததில் எனக்கு வருத்தமில்லை என்று உனக்குத் தெரியும். இது நம் வழக்கம், இதற்காகத்தான் அந்தக் கல்லும் சீமெந்தும் வாங்கினோம். என்னை அரித்துக்கொண்டிருந்தது வேறொன்று. முன்வீட்டுப் பெரிய அறையில், மேசைமேல் நீ போட்டிருந்த சின்ன ட்ராம் பாதை. மாப்பிள்ளைக்குக் கட்டிலும் அலுமாரியும் வைக்க வேண்டிய அறை அது. பாதை போனால் உன் கையிலிருந்து என்னவோ போய்விடும் என்று பயந்தேன். உண்மையைச் சொன்னால் என் கையிலிருந்தும்தான்.

ட்ராம் என்றால் என்னவென்று நம் ஊரில் கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் முழிப்பார்கள். ரயில்கூட மட்டக்களப்போடு நின்றுவிட்டது, கல்முனைக்கு அதன் சத்தமும் வந்ததில்லை. உனக்கு அந்த ஆசையைத் தலைக்குள் போட்டவன் நான்தான். பள்ளிக்கூட விடுமுறையில் நான் ஓட்டும் கொழும்பு பஸ்ஸில் வருவாய், முன் சீட்டில் கால் நிலத்தில் படாமல் உட்கார்ந்திருப்பாய். புறக்கோட்டையில் பழைய சாரதிமார் எனக்குச் சொன்ன கதையை ஒருநாள் உனக்குச் சொன்னேன். கொழும்புத் தெருவில் முன்பு தண்டவாளம் இருந்ததாம், அதில் பஸ் மாதிரி வண்டி ஓடியதாம், அதன் தலையில் ஒரு நீளக் கொம்பு இருந்து மேலே போகும் கம்பியைத் தொட்டுக் கரண்ட் எடுக்குமாம். மற்றப் பிள்ளைகள் என்றால் ஷொக் அடிக்காதா என்று கேட்பார்கள். நீ கேட்டது வேறு.

"கொம்பு கம்பியில இரிந்து நழுவினா என்ன செய்யிற, வாப்பா?"

நடத்துநர் இறங்கி, கயிற்றைப் பிடித்து இழுத்து, திரும்பக் கம்பியில் கொழுவி விடுவார் என்றேன். வண்டி திரும்பி வரும்போது என்ன செய்வார்கள் என்று அடுத்த கேள்வி. கொம்பு எப்போதும் பின்பக்கம் சரிந்துதான் இருக்க வேண்டும், அதனால் பாதை முடிகிற இடத்தில் ஒரு ஆள் அதைப் பிடித்து மறுபக்கம் திருப்பி விடுவார், இல்லையென்றால் வண்டி வராது என்றேன். மஹியங்கனை மலை வளைவுகள் முடியும்வரை நீ ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நித்திரை என்று நினைத்தேன். இப்போதுதான் விளங்குகிறது, நீ அந்தக் கொம்பைத் திருப்பிக்கொண்டு இருந்திருக்கிறாய்.

நீ படித்து முடித்து, கணினி படிப்பிக்கும் ரீச்சராகி, உன் சம்பளத்தில் முதலில் எடுப்பித்தது வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சிறிய பெட்டி. பெண் பிள்ளை நகை எடுக்கிறாள் என்று உன் உம்மா ஆசையோடு நின்றாள். திறந்தால் ட்ராம் வண்டி செய்கிற கிட். பாக்கு அளவில் ஒரு மோட்டர், பொத்தான் அளவில் உருளும் சில்லுகள், பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஜன்னல்கள், படிகள். முழுதாகச் சேர்த்தாலும் ஒரு சாண் நீளம்தான் வரும். இதற்கு டிக்கட் எவ்வளவு என்று நான் கிண்டலடித்தேன். நீ பதில் சொல்லாமல் ஜன்னலோரம் மேசையைப் போட்டுக்கொண்டு, பல் குத்தும் குச்சியால் பசை தொட்டு, நாள் கணக்காக ஒட்டினாய். அந்தப் பொறுமை உனக்கு என் பக்கத்திலிருந்து வந்ததல்ல. நான் திருகாணி ஒன்று திரும்பவில்லை என்றால் சுத்தியலைத் தேடுகிறவன்.

வண்டியைத் தண்டவாளத்தில் வைத்த அன்று அது ஓடவில்லை, விக்கியது. ஒரு அடி போகும், நிற்கும், துள்ளும். நான் சாரதியில்லையா, உடனே தீர்ப்புச் சொன்னேன். மோட்டர் பிழை, உன்னை ஏமாற்றிவிட்டார்கள், பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பு என்று கத்தினேன். நீ வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் தண்டவாளத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் துடைத்தாய். துணி கறுப்பாக வந்தது.

"மோட்டர்ல பிழ இல்ல வாப்பா. உப்பு. கடல் காத்து."

பிறகு வண்டி வழுக்கிக்கொண்டு போனது. நான் என் காலத்தில் எத்தனை கியர்ப் பெட்டியை ஆத்திரத்தில் கழற்றிப் போட்டுவிட்டு, கடைசியில் ஒரு அழுக்குக் கம்பிதான் காரணம் என்று கண்டிருக்கிறேன் தெரியுமா. வீட்டிலும் அப்படித்தான். உன் உம்மாவோடு நான் போட்ட பெரிய சண்டைகள் எல்லாம் மோட்டரைக் கழற்றிய சண்டைகள். துடைத்திருந்தால் போயிருக்கும். உனக்குக் கலியாணப் புத்தி சொல்ல வேண்டிய இடம் இது, ஆனால் அந்தப் புத்தியை எனக்குச் சொல்லித் தந்தவளே நீ. ஆகவே ஞாபகப்படுத்துகிறேன், அவ்வளவுதான். மனிதர்கள் விக்கும்போது உடனே அவர்களைத் திருப்பி அனுப்பப் பார்க்காதே.

கிட் வண்டிகள் இரண்டு மூன்று ஓடத் தொடங்கியதும் உனக்குக் கொழும்பு வண்டியே வேண்டும் என்றாகிவிட்டது. அதற்கு உலகத்தில் எங்கேயும் கிட் கிடையாதாம். கிடையாவிட்டால் நான் செய்கிறேன் என்றாய். பழைய படங்களைப் பார்த்துக் கணினியில் வரைந்தாய். பிறகு அந்த அச்சு இயந்திரம் வீட்டுக்கு வந்தது. காகிதத்தில் அச்சடிக்காது, உருக்கிய பிளாஸ்டிக்கை நூல் நூலாக அடுக்கி வண்டியின் மேற்கூட்டையே அச்சடித்துத் தரும். இரவு முழுக்க அது கர் கர் என்று இழுத்துக்கொண்டிருக்க, அறைக்குள் யாரோ தேங்காய் துருவுகிறார்கள் என்று உன் உம்மா எழும்பி வந்து பார்த்திருக்கிறாள். காலையில் கூடு தயாராக இருக்கும். நீ சொரசொரப்பான மட்டத்தாள் போட்டு வரி தெரியாமல் தேய்த்து, சிவப்பு நிறம் பூசுவாய். ஜன்னல் சட்டத்துக்கு நீ தீட்டிய மஞ்சள் கோட்டைப் பார்த்துவிட்டு, டிப்போவில் பஸ்ஸுக்கு நிறம் பூசியவர்கள் இதில் பாதிக் கவனம் எடுத்திருந்தால் நானும் பெருமையாக ஓட்டியிருப்பேன் என்று நினைத்தேன். அதை அன்றைக்கு வாயால் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதல் கொழும்பு வண்டிக்கு நேர்ந்த கதி எல்லோருக்கும் தெரியும். நிறம் காயட்டும் என்று நீ ஜன்னலில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாய். உன் உம்மாவுக்கு எது காய வேண்டுமென்றாலும் வெயிலில் வைக்க வேண்டும், அவளுக்கு வேறு மார்க்கம் தெரியாது. கொச்சி மிளகாய் காய்கிற தட்டில் அதையும் வைத்து முற்றத்து வெயிலில் விட்டுவிட்டாள். கல்முனை வெயில் பிளாஸ்டிக்கைச் சும்மா விடுமா? பின்னேரம் பார்த்தால் வண்டி அப்பளம் மாதிரி வளைந்து கிடக்கிறது, நடுவில் நாலைந்து கொச்சிக்காய் வேறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உன் உம்மா அழத் தொடங்கிவிட்டாள். நான் அவள்மேல் பாய்வதற்குக் குரலைத் தயார் செய்துகொண்டிருந்தேன். நீ வந்தாய், கூட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய், பிறகு வளைவில் திரும்புவதற்கென்றே அளவாக வளைத்துத் தந்திருக்கிறீர்கள் உம்மா என்றாய். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். வெயிலுக்கு உருகாத வேறு பிளாஸ்டிக்கை எடுப்பித்து அடுத்ததைச் செய்தாய். ஆனால் வளைந்ததை எறியவில்லை. உம்மா வண்டி என்று பெயர் வைத்து அலுமாரியில் முன்னால் வைத்திருந்தாய். நாள் கணக்காகச் செய்த ஒன்றை இன்னொருவர் கெடுத்துவிட்டால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை நான் அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன்.

பெரிய வேலை கரண்ட். சின்ன ட்ராம் வண்டி ஓட்டுகிறவர்களில் பலர் தண்டவாளத்திலேயே கரண்டை விட்டுவிடுவார்களாம், தலையில் கொம்பு அழகுக்கு மட்டும் நிற்குமாம். அது இலகு. உனக்கு அது பிடிக்கவில்லை. சும்மா நிற்கிற கொம்பு எதற்கு என்று கேட்டாய். மேலே உண்மையாகவே கம்பி இழுத்து, கொம்பு அதைத் தொட்டால்தான் மோட்டர் சுற்ற வேண்டும் என்று பிடிவாதம். சைக்கிள் கம்பிகளை வெட்டித் தூண்களாக நட்டாய். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த கம்பியை இழுத்து ஈயம் வைத்தாய், வீடெல்லாம் அந்தப் புகை நாற்றம். நேரான இடத்தில் சுகமாக ஓடியது. வளைவில் கம்பி வளையாதே, அது நேராகத்தானே போகும்? அங்கே பக்கவாட்டில் இழுகம்பி கட்டிக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். அளவு கொஞ்சம் பிசகினாலும் கொம்பு நழுவி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நீ எத்தனை முறை அவிழ்த்துக் கட்டினாய் என்று எனக்குக் கணக்கில்லை. ஊரில் கரண்ட் அடிக்கடி போகிற காலம் அது. நீ மோட்டார் சைக்கிள் பற்றரி ஒன்றைக் கொண்டுவந்து இணைத்துவிட்டாய். ஒருநாள் மஃரிப் தொழுகைக்குப் பிறகு தெருவே இருட்டாகக் கிடக்க, நம் வீட்டு மேசையில் மட்டும் சிவப்பு வண்டி ஜன்னலில் வெளிச்சத்தோடு சுற்றி வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கு எனக்கு உன்மேல் வந்த மதிப்பு இன்றைக்கு வரைக்கும் குறையவில்லை.

அதற்கடுத்த வருடம் என் கண் போனது. முழுதாக இல்லை, நீரிழிவு என்கிற சீனி வருத்தம் பார்வையின் ஓரத்தைத் தின்றுவிட்டது. சாரதி அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க முடியாது என்று சொன்னார்கள். நான் வீட்டில் உட்கார்ந்தேன், உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன். உன் உம்மா குசினியை விட்டு வெளியே வருவதில்லை. வந்தவர்கள் சுகம் விசாரித்துவிட்டுச் செருப்பைத் தேடினார்கள். நீ மட்டும் ஒருநாள் வந்து கதிரைக்குப் பக்கத்தில் குந்தி, பாரமான வண்டி எப்படிக் கிளம்பும் என்று கேட்டாய். உன் வண்டிகள் சுவிட்சைப் போட்டதும் பல்லி மாதிரி பாய்கின்றன, பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கிறது என்றாய். நான் இரண்டு வருடமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றுகொண்டு வருகிற பயணி இருக்கிறார் மகள், நீ இப்படி எடுத்தால் அவர் மற்றவர் மடியில் போய் விழுவார் என்றேன். உனக்கு அது பிடித்துக்கொண்டது. விரல் நகத்தளவில் ஒரு ஆளை அச்சடித்து, ஒட்டாமல், வண்டிக்குள் சும்மா நிறுத்தினாய். அந்த ஆள் விழாமல் வண்டி கிளம்ப வேண்டும், விழாமல் நிற்க வேண்டும். அதற்கு நீ மின்சுற்றை மாற்றி மாற்றிச் செய்ய, நான் பக்கத்தில் இருந்து இன்னும் மெதுவாக, இப்போது சரி, இப்போது பிரேக் கடுமை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஓரம் தெரியாத கண்ணுக்கு மேசை நன்றாகவே தெரிந்தது. அந்த நாட்களில் நான் யார்மேலும் கத்தவில்லை என்று உன் உம்மா சொல்கிறாள்.

இந்த அறையைத்தான் பொத்துவிலிலிருந்து பார்க்க வந்தார்கள். கலியாணம் பேசி முடித்த பிறகு மாப்பிள்ளை பக்கத்துப் பெண்கள் வந்து அறை பார்ப்பதும், கட்டில் எங்கே, அலுமாரி எங்கே என்று அளப்பதும் வழமை. இத்தனை வயதில் பெண் விளையாட்டு வண்டி ஓட்டுகிறாள் என்று போய்ச் சொன்னால்? நீ பள்ளிக்கூடத்திலிருந்து வர முன்பே கட்டில் விரிப்பு ஒன்றை எடுத்து மேசை முழுவதையும் மூடிவிட்டேன். தூண்கள் முட்டிக்கொண்டு அது மேடும் பள்ளமுமாக நின்றது. வருங்கால மாமியார், அதாவது மாப்பிள்ளையின் உம்மா, வாசலில் நின்றே அது என்னவென்று கேட்டார். அறுவடை முடிந்த காலம், எல்லார் வீட்டிலும் மூடை அடுக்கியிருக்கும் காலம், வாயில் வந்ததைச் சொன்னேன். விதைநெல் என்றேன். வயல்காரக் குடும்பத்துப் பெண்ணிடம் போய் அதைச் சொல்லலாமா? கண் விரிந்துவிட்டது அவருக்கு.

"விதைநெல்லு எண்டா தொட்டுப் பாக்காமப் போக ஏலுமா?" என்றுகொண்டே விரிப்புக்கடியில் கையை விட்டார். கொஞ்ச நேரம் துழாவினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, அண்ணன் முறை வைத்துச் சொன்னார்.

"காக்கா, உங்கட நெல்லுக்குச் சில்லு இரிக்கி."

உன் உம்மா அந்த இடத்திலேயே சுவரோடு ஒட்டிப்போனாள். அந்த நேரம் பார்த்து நீ கைப்பையோடு உள்ளே வந்தாய். ஸலாம் சொன்னாய், எங்கள் முகத்தைப் பார்த்தாய், விரிப்பைப் பார்த்தாய். வெட்கப்படவுமில்லை, என்னைக் காட்டிக் கொடுக்கவுமில்லை. விரிப்பின் இரண்டு மூலையைப் பிடித்து, ஒரு தூணும் சரியாமல் தூக்கி எடுத்து மடித்தாய். மாமியின் கையிலிருந்த வண்டியை வாங்கித் தண்டவாளத்தில் வைத்து, கொம்பைக் கம்பியில் கொழுவி, சுவிட்சைப் போட்டாய். வண்டி மெதுவாக எடுத்து, வளைவில் திரும்பி, சுற்றி வந்தது. உள்ளே நின்ற ஆள் விழவில்லை. மாமி குனிந்து, முக்காட்டைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்குள் பார்த்தார். இது பொத்துவிலுக்குப் போகுமா மகள் என்று கேட்டார். கம்பி இழுத்தால் போகும் மாமி என்று நீ சொன்னாய். அவர் சிரித்த சிரிப்பில் என் உயிர் திரும்பி வந்தது. ஆனால் அவர் விவரமான பெண். போகும்போது, இதை எறிய வேண்டாம், ஆனால் அறையில் அலுமாரிக்கு இடம் வேண்டுமே மகள் என்றும் சொன்னார். அது நியாயம். நீ ஓம் மாமி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாய்.

அடுத்த கிழமையே மேசையைக் கழற்றத் தொடங்கினாய். தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பெட்டியில் அடுக்கினாய், கம்பியைச் சுருட்டினாய், தூண்களைப் பிடுங்கினாய். நான் கதிரையில் இருந்துகொண்டு பத்திரிகை படிக்கிற மாதிரி நடித்தேன். உன்னோடு சேர்ந்து ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. உன்னிடம் கவலையா என்று கேட்கவும் தைரியமில்லை. கேட்டால் நான் அழுதுவிடுவேன், நீ என்னைத் தேற்ற வேண்டி வரும். சுண்ணாம்பு அடிக்க வந்தார்கள், கட்டில் வந்தது, அலுமாரி வந்தது. நடையின் கூரைக்கடியில் யாரோ வெள்ளை பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பூட்டிக்கொண்டிருந்தார்கள். மழைத் தண்ணீருக்குப் பீலி என்று நினைத்தேன். பின்வீட்டுச் சுவரில் துளை போட்டபோது மின்விசிறிக்கு வயர் வருகிறது என்று நினைத்தேன். நான் கேட்கவில்லை. யாரும் சொல்லவுமில்லை.

நேற்றுக் காலை சுபஹு தொழுதுவிட்டு இந்தச் சின்ன அறையில் முதல் முறையாக உட்கார்ந்திருந்தேன். நீ வந்தாய். என் கையில் ஒரு கறுப்புப் பெட்டியைத் தந்தாய், அதில் ஒரு திருகியும் முன்னுக்குப் பின்னுக்கு என்று ஒரு சுவிட்சும் இருந்தன.

"சாரதி நீங்கதான், வாப்பா," என்றாய்.

அந்தப் பீலிக்குள் தண்டவாளம் இருக்கிறது, அதற்கு மேலே கம்பி இருக்கிறது, அது உன் அறைச் சுவரில் தொடங்கி நடையைத் தாண்டி என் கதிரைக்குப் பக்கத்தில் முடிகிறது என்று நீ விளக்கினாய். பாதை முடியும் இடத்தில் வண்டி தானாக நின்றுவிடும், அது எப்படி என்றும் சொன்னாய், அது மட்டும் எனக்கு விளங்கவில்லை. நீ உன் பக்கம் போய்க் குரல் கொடுத்தாய். நான் திருகியை மெல்லத் திருப்பினேன். சுவரின் துளைக்குள்ளிருந்து முதலில் வெளிச்சம் வந்தது, பிறகு சிவப்பு வண்டி வந்தது, என் முழங்கைக்குப் பக்கத்தில் நின்றது. கூரையில்லாத ஒரு சின்ன இணைப்புப் பெட்டி பின்னால் வந்தது. அதற்குள் நான் காலையில் விழுங்கும் பிரஷர் குளிசை. வண்டிக்குள் நின்ற ஆள் விழவில்லை. என் கை இன்னும் மறக்கவில்லை மகள், நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு நீ கொம்பைத் திருப்பி விடுங்கள் என்று கத்தினாய். அதைப் பிடித்து மறுபக்கம் சாய்த்து, கம்பியில் கொழுவி, வண்டியைத் திருப்பி அனுப்பினேன். எனக்குள் இருக்கும் பஸ்காரன் சும்மா இருப்பானா? உன் உம்மா தேநீரோடு வந்ததும் குறை சொன்னேன். இவ்வளவும் செய்தவள் இதை ஏன் இப்படி விட்டாள், மேசையில் இருந்த மாதிரி முடிவில் ஒரு வட்டம் போட்டிருந்தால் வண்டி தானாகத் திரும்பிப் போகுமே, ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம் ஒரு கையும் இந்தப் பக்கம் ஒரு கையும் வேண்டியிருக்கிறதே என்றேன். உன் உம்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நானும் கேட்டன். வட்டமாப் போட்டா ஒரு கையும் தேவல்லயாம், அதாலதான் போடல்லயாம். வண்டி திரும்பி வந்தா வாப்பா எழும்பிட்டாரு, குளிசையும் போட்டுட்டாரு எண்டு அவளுக்கு விளங்குமாம்."

தேநீரைத் தள்ளி வைத்துவிட்டுக் காகிதம் தேடினேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

உன்னைப் பற்றி எனக்குப் பெருமையாக இருக்கிறது. இதைச் சுற்றி வளைக்காமல் ஒருமுறையாவது எழுத வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். மாப்பிள்ளை நல்லவர் என்று கேள்விப்படுகிறேன். கட்டிலின் தலைமாட்டுக்கு மேலால் பாதை போகும் என்று நீ தொலைபேசியில் சொன்னபோது, விடியற்காலையில் அது மணி அடிக்குமா என்று மட்டும்தான் கேட்டாராம். அடிக்காது என்று நான் உறுதி தருகிறேன். அவருக்கும் கொம்பு திருப்பப் பழக்கு. நீ பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் ஒருநாள் மறந்தால் அவர் திருப்பட்டும். உங்களுக்குள்ளும் எப்போதும் இரண்டு பக்கமும் ஒரு கை வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். அதற்கு மேல் புத்தி சொல்ல எனக்குத் தகுதியில்லை.

இன்னும் ஒன்று. நாளையிலிருந்து நான் சுபஹுக்குப் பிறகு வண்டியை எடுப்பேன், ஒருநாளும் பிந்த மாட்டேன், டிப்போவில் கேட்டுப் பார், என் பஸ் பிந்தியதில்லை. ஆனாலும் ஒரு காலையில் நீ குளிசையை வைத்துவிட்டுக் காத்திருக்க, வண்டி அசையாமல் நிற்கும். அப்படி ஒரு நாள் வரத்தான் செய்யும். அன்றைக்குப் பதறி ஓடி வராதே மகள். முதலில் வெள்ளைத் துணியில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் தண்டவாளத்தைத் துடைத்துப் பார். அநேகமாக உப்பாகத்தான் இருக்கும். துடைத்த பிறகும் வண்டி நகரவில்லை என்றால், என் அறைக் கதவு சும்மாதான் சாத்தியிருக்கும், மெதுவாகத் தள்ளிக்கொண்டு வா. இந்தப் பக்கத்திலும் கொம்பை நீயே திருப்பி விடு.

உன் வாப்பா,
பின்வீட்டிலிருந்து.